தேதி தவறாத ஆயிரம்: வேலூர் மாவட்ட வங்கியாளர்களுக்கும் வருவாய்த்துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மையீர்,

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து பேரணாம்பட்டு போகும் வழியில், பெரிய சாலையில் இறங்கி உள்ளே ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மாமனார் தொடங்கிய கடை. இருபது ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லாப்பெட்டியைவிடக் கடன் நோட்டுதான் எங்கள் கடைக்கு உயிர். அட்டை போட்ட நீள நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். எந்த வீட்டில் குழம்பு கொதிக்கிறது, எந்த வீடு கஞ்சியோடு நிற்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் தெரிந்துவிடும். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் 16ஆம் தேதி காலை, பின்தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பீடி சுற்றிப் பிழைக்கிறவர். வந்திருந்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. என் மகள் படித்துச் சொன்னாள்: குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் 354 ரூபாய் கழிந்திருக்கிறது. அக்கா கைப்பேசியை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணி, ஆயாவுக்குக் கண்ணுக்கு விடும் மருந்தை மட்டும் வாங்கிவிடுகிறேன். உங்கள் பாக்கியை அடுத்த மாதம் தருகிறேன்" என்றார்.

என் பாக்கிக்காக நான் இதை எழுதவில்லை. அந்த 354 ரூபாயால் ஒரு வீட்டில் என்னென்ன நின்றுபோயின என்பது என் நோட்டில் இருக்கிறது. கூட்டங்களில் உங்கள் மேசைக்கு வருவது எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு. அந்தப் பணம் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்ற கணக்கு உங்களிடம் இருக்காது, என்னிடம் இருக்கிறது.

அந்த வீட்டில் நான்கு பேர். அக்காவின் கணவர் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். மாதம் ஒருமுறை வருவார், சில மாதம் வரமாட்டார். ஆயா என்று நாங்கள் கூப்பிடும் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வர வேண்டும். மகள் குடியாத்தத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். மூன்றும் ஒழுங்காக வந்தால் 3,200 ரூபாய். பீடிக் கூலியையும் பெங்களூருப் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது அந்த வீட்டின் வருமானத்தில் பெரிய பங்கு இல்லை. ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பணம் அந்த வீட்டில் இது ஒன்றுதான்.

பீடிக் கூலி அப்படி இல்லை. இலை வராத வாரம் கூலி இல்லை. தூள் குறைந்தால் கூலி குறைவு. சுற்றிக் கொடுத்ததில் கழிவு என்று எத்தனையை ஒதுக்குவார்கள் என்பது ஏஜென்ட் கையில். மழைக்காலத்தில் சென்ட்ரிங் வேலை நின்றுவிடும். நூறு நாள் வேலைக்குப் போனால் கூலி எந்த மாதம் கணக்கில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. இப்படி எல்லாம் ஆடிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டில், 15ஆம் தேதி என்று ஒரு முளை அடித்தது போல இந்தப் பணம் வருகிறது. மற்றதெல்லாம் அந்த முளையில் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த அக்காவின் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். 2022ஆம் ஆண்டு ஆடி மாதம். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எண்ணெய் 10, புளி 5, மிளகாய்த்தூள் 5, தேங்காய் அரைமூடி. மறுநாளும் அதே. பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறவர், லிட்டராக வாங்குகிறவரைவிட அதே எண்ணெய்க்கு மாதத்தில் கூடுதலாகக் கொடுக்கிறார். கடை வைத்திருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் கூடுதலில் எனக்கும் லாபம் இருந்தது; சொல்லச் சங்கடமாக இருந்தாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். இல்லாதவர்கள் எல்லாவற்றையும் அதிக விலைக்கு வாங்குகிறார்கள்.

ரேஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதைவிடக் குறைந்த விலை வேறெங்கும் இல்லை. ஆனால் சரக்கு வந்த அன்று கையில் 55 ரூபாய் இருக்க வேண்டும். ஐம்பத்தைந்து ரூபாய் இல்லாத வீடும் உண்டா என்று கேட்காதீர்கள். வாரக் கூலி சனிக்கிழமைதான் வரும், சரக்கு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது, அடுத்த முறை போகும்போது தீர்ந்துவிட்டது என்று எத்தனையோ மாதம் அக்கா வெறும் அரிசிப் பையோடு திரும்பியிருக்கிறார். பிறகு நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற பருப்பை என் கடையில் கால் கிலோ, கால் கிலோவாகக் கடனுக்கு வாங்குவார். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி உரிமைத் தொகை தொடங்கிய பிறகு, அவருடைய பக்கத்தில் துவரம்பருப்பு என்ற சொல்லே அநேகமாகக் காணோம். ரேஷன் பருப்புக்கென்று ஐம்பத்தைந்து ரூபாயைத் தனியாக எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் உறைக்குள்ளேயே வைத்துவிடுகிறார். போன மாதம் அந்த உறை காலியாக இருந்தது. 22ஆம் தேதி என் நோட்டில் மறுபடியும் எழுதினேன்: து.பருப்பு கால் கிலோ.

தண்டல்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும். அக்கா இரண்டு முறை தண்டல் வாங்கியவர். இரண்டாவது முறை கட்ட முடியாமல் மகளின் வெள்ளிக் கொலுசை அடகு வைத்தார். உரிமைத் தொகை வரத் தொடங்கி எட்டாவது மாதம் அதை மீட்டுக்கொண்டு வந்து, என் கடைத் தராசில் போட்டு எடை பார்த்தார். வைத்தபோது இருந்த எடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தது. இரண்டு பேருமாகச் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் தண்டல் பக்கம் போகவில்லை. அவசரமென்றால் என்னிடம் கேட்கிறார்; நானும் கொடுக்கிறேன். முன்பு கொடுக்கத் தயங்குவேன், ஏனென்றால் எப்போது திரும்பும் என்று தெரியாது. இப்போது தேதி தெரியும். தேதி தெரிந்த பணத்தை நம்பிக் கடன் கொடுக்க யாருக்கும் வட்டி தேவைப்படாது. அந்தப் பாக்கி வசூலாவதை வைத்துத்தான் நானும் 17ஆம் தேதி குடியாத்தம் மண்டிக்குப் போகிறேன். அவருடைய ஆயிரம் எனக்கும் தேதி, மண்டிக்காரருக்கும் தேதி.

இரண்டாவது ஆண்டில் அவர் ஒரு வேலை செய்தார். ஐந்து மாதம், மாதம் ஆயிரத்தில் எழுநூறைத் தொடாமல் வைத்து, அதோடு பீடிக் கூலியில் கொஞ்சம் சேர்த்து, ஒரு திங்கட்கிழமை கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக் குட்டி வாங்கி வந்தார். இன்று மூன்று ஆடுகள். போன வருடம் மகளுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய பணம் ஒரு கிடாய்க் குட்டியில் வந்தது. அதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆயாதான் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, நான் கண்ணால் பார்த்தது. அக்காவின் கணவர் பெங்களூருவில் இருந்து ஒருமுறை என் கைப்பேசிக்கு அழைத்தார். அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஊருக்கு வர பஸ் செலவுக்கு ஐந்நூறு அனுப்ப முடியுமா என்று மனைவியிடம் கேட்கிறார். அக்கா எதற்கு, எப்போது வருகிறீர்கள், மேஸ்திரி ஏன் கூலி தரவில்லை என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, சரி அனுப்புகிறேன் என்றார். இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் பணம் கேட்கும் குரல் எந்தப் பக்கத்தில் இருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அன்றுதான் அது திசை மாறிக் கேட்டேன்.

இப்படிப் பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், பணம் நேராகச் சாராயக் கடைக்குப் போகும் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். உங்கள் அலுவலகங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்காக அக்கா ஒரு நாளும் பீடி முறத்தைக் கீழே வைக்கவில்லை. என் மகள் பொருளாதாரம் படிக்கிறாள். அவள் எடுத்துச் சொன்னது இது. 2011 வாக்கில் மத்தியப் பிரதேசத்தின் சில கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு, பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், பிறகு 300 ரூபாய், பிள்ளைகளுக்கு அதில் பாதி என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தது. அந்த ஊர்களில் ஆடுமாடு பெருகியது, சாப்பாடு தேறியது, குடி பெருகவில்லை. உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இப்படிக் கிடைக்கும் பணத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. மகள் இதைச் சொல்லச் சொல்ல நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆடு, பருப்பு, கொலுசு. எங்கள் ஊரிலும் அதேதான்.

ஊரில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அக்காவின் பக்கத்துக்கு அடுத்த பக்கம் இன்னொரு வீட்டுடையது. அவரும் பீடி சுற்றுகிறவர்தான். அண்ணன் தம்பி மூன்று குடும்பத்துக்கும் ஒரே மின்சார மீட்டர். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடிவிட்டது என்று விண்ணப்பம் தள்ளுபடியானது. மூன்று அடுப்பு எரியும் வீட்டில் ஒரு மீட்டரை வைத்து வசதியை அளந்தால் எப்படிச் சரியாக வரும்? மேல்முறையீடு செய்தார், பதில் வரவில்லை என்கிறார். அவருடைய பக்கம் இன்றைக்கும் எண்ணெய் 10, புளி 5 என்றுதான் போகிறது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள். ஒரே தொழில், ஒரே தெரு. இந்த வித்தியாசத்தை நேரில் பார்க்க விரும்பும் அலுவலர் யாராக இருந்தாலும் கடைக்கு வாருங்கள், நோட்டைக் காட்டுகிறேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

வங்கி மேலாளர்களே, அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். இது புதிய புகார் இல்லை. திட்டம் தொடங்கிய அதே 2023 செப்டம்பரிலேயே இந்தக் குமுறல் எழுந்தது. உரிமைத் தொகையை வேறு எந்தக் கட்டணத்துக்கும் நேர் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போதே வங்கிகளுக்குச் சொன்னார். பாரத ஸ்டேட் வங்கி 2020இல் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையே எடுத்துவிட்டது. 2025இல் வேறு சில பொதுத்துறை வங்கிகளும் எடுத்துவிட்டன. இன்னும் எடுக்காத வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, தங்கள் வங்கி எடுக்கவில்லை என்பது தெரியாது. அக்காவுடையது, கூலி வாங்குவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ திறந்து கொடுத்த சாதாரண சேமிப்புக் கணக்கு. அதை இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று உங்கள் கிளையில் யாராவது ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் 354 ரூபாய் போயிருக்காது. உதவித்தொகை ஏறும் கணக்குகள் எவை என்று உங்கள் கணினிக்குத் தெரியும். அவற்றை நீங்களே மாற்றிக் கொடுக்கலாம். பிடித்ததைத் திருப்பியும் போடலாம்.

குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். பணம் ஏறியது, பணம் கழிந்தது, கணக்கு முடங்கப்போகிறது, ஆவணம் கொண்டு வர வேண்டும் என்ற நான்கு செய்திகளைத் தமிழில் அனுப்புவது இந்தக் காலத்தில் பெரிய காரியம் இல்லை.

குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்களும் 15ஆம் தேதியைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கடன் தவணையையும் இந்தக் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதி வாங்காதீர்கள். கடனைக் கட்டத்தான் வேண்டும். நானும் கடன் கொடுக்கிறவள்தான். எதை முதலில் கட்டுவது என்பதை அந்த வீட்டுப் பெண் முடிவு செய்யட்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வருவாய்த்துறை அலுவலர்களே, உங்களிடம் ஆயாவுக்காகக் கேட்கிறேன். முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962இல் மாதம் இருபது ரூபாயாகத் தொடங்கியது. வட ஆற்காடு மாவட்டமாக இருந்த அந்தக் காலத்தில், மணியார்டரைக் கொண்டு வரும் தபால்காரருக்காக எங்கள் ஊர்க் கிழவிகள் காலையில் இருந்தே தெருமுனையில் காத்திருப்பார்கள் என்று மாமனார் சொல்வார். இன்று 1,200 ரூபாய். அதில் ஒன்றிய அரசு தருவது, எண்பது வயது ஆகாதவர்களுக்கு, 2007இல் இருந்து இன்று வரை அதே 200 ரூபாய்தான். அதை உயர்த்துவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் இருக்கிற 1,200 ரூபாய் நிற்காமல் வருவது உங்கள் கையிலும் இருக்கிறது.

ஆயாவின் பணம் இரண்டு மாதமாக நின்றிருக்கிறது. ஏன் என்று யாரும் எழுதித் தரவில்லை. கிளைக்குப் போனால் தாலுகா அலுவலகத்தில் கேட்கச் சொல்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில், கைரேகை புதுப்பிக்கவில்லை, கிளைக்குப் போங்கள் என்கிறார்கள். ஆயாவும் ஐம்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். இலையை ஊறப்போட்டு, தகரத்தை வைத்து வெட்டி, தூள் நிரப்பி உருட்டி உருட்டி, இரண்டு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி போல ஆகிவிட்டன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு ரேகை இல்லை. ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் ஏழு முறை வைத்தார். ஒவ்வொரு முறையும் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஏழாவது முறை, "நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நீ சொல்லு தம்பி" என்று அந்த முகவரிடம் கேட்டார். அவர் நல்ல பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருவருடைய தொகையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன் ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, காரணத்தையும் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்துவிட்டு, ஆள் இருக்கிறார் என்று எழுதினால் அது போதும் என்று வையுங்கள். தவறு அலுவலகத்தின் பக்கம் இருந்தால் நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தடவை குடியாத்தம் போய் வந்தால் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்றாலும், சுற்றாத பீடிக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆயாவுக்காக இதுவரை இரண்டு நாள் போயிருக்கிறது.

நீங்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் வீட்டுக்கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எப்படிச் சரிகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாளை மனதில் வைத்து இந்த வீட்டைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆயாவை மூன்றாவது முறையாகக் கிளைக்கு அழைத்து வருகிறோம். நானும் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். அவருடைய விரல் உங்கள் கருவியில் விழாது. கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி ஒன்றை அன்று மேசை மேல் எடுத்து வைத்திருங்கள். கண்ணுக்கு மருந்து விட்டு வருகிறார். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்தில் மளிகைக்கடை நடத்தும் பெண் ஒருத்தி